இலையை உதிர்ப்பது உயிருள்ள கிளையின் வேலை

கேள்வி: "அமெரிக்காவுக்கு வந்து எனக்கு இது முதல் இலையுதிர் காலம். ‘மரத்தைப் பார், எவ்வளவு அழகாக எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஊரை விட்டு வந்ததே இன்னும் மனசு ஆறவில்லை. மரத்திடம் நிஜமாகவே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சிவப்பு இலைப் படத்தோடு வரும் வாசகத்தில் அது இல்லை. மரம் ஒரு நாள் மனசு வந்து கையை விரித்து விட்டுவிடுகிறது என்பதுபோல எழுதுகிறார்கள். அப்படி நடப்பதே இல்லை. மரம் விடுவதற்கு முன்னால் வாரக்கணக்கில் உழைக்கிறது. அந்த உழைப்பைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் பருவம் ஆறுதலாக மாறியது.

நான் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவில் மேப்பிள், ஓக், பீச் மூன்றும் உண்டு. இலை விழுவதை நாம் பார்ப்பது அக்டோபரில். மரம் அதற்கான ஏற்பாட்டைத் தொடங்குவது கோடை முடிவதற்குள்ளேயே. இந்தப் பக்கம் ஜூன் மாதத்தில் பகல் 15 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். டிசம்பரில் 9 மணி நேரம்தான். பகல் குறுகக் குறுக மரம் அதை உணர்கிறது, இரவுக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. உடனே இலையைத் தள்ளிவிடுவதில்லை. முதலில் இலைக்குள் இருப்பதைத் திரும்ப எடுக்கிறது. பச்சையத்தையும் ஒளிச்சேர்க்கைக்கு உதவிய புரதங்களையும் உடைத்து, அவற்றில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலியவற்றைக் காம்பு வழியாகக் கிளைக்கும் பட்டைக்கும் வேருக்கும் அனுப்பிவைக்கிறது. இலையில் இருந்த நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி இப்படி மரத்துக்கே திரும்பிவிடும். அடுத்த வசந்தத்தில் தளிர் விடுவதற்கு அதுதான் கைமுதல்.

நாம் கார் எடுத்துக்கொண்டு போய் வேடிக்கை பார்க்கும் நிறமெல்லாம் இந்த வேலை நடப்பதன் அடையாளம். மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்ததுதான். பச்சை விலகியதும் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. அது ஆந்தோசயனின் என்ற நிறமி. மேப்பிள் அதை இலையுதிர் காலத்தில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. இன்னும் சில நாளில் விழப்போகிற இலைக்கு எதற்காக இவ்வளவு செலவு செய்து சாயம் பூச வேண்டும்? இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. என் மனசுக்குப் பிடித்தது இது: பச்சையம் கலைந்துகொண்டிருக்கும் இலையை வெயில் சுலபமாகச் சேதப்படுத்திவிடும், சத்தை முழுசாக எடுத்து முடிக்கும் வரை அந்தச் சிவப்பு இலைக்கு நிழல் தருகிறது. போகப்போகிற இலையைக்கூட மரம் கடைசி வரை பார்த்துக்கொள்கிறது. நல்ல வெயிலும், உறைந்துபோகாத அளவு குளிர்ந்த இரவுமாக அமைந்த வருஷங்களில் சிவப்பு அள்ளும்.

இதெல்லாம் நடக்கும்போதே காம்பின் அடியில் இன்னொரு வேலை. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைந்து, எத்திலீனின் கை ஓங்கும்போது அந்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் கரையத் தொடங்கும். வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் பழுக்கவைக்கிற அதே எத்திலீன்தான். கிளைப் பக்கத்தில் தக்கை போன்ற ஒரு பாதுகாப்பு அடுக்கு வளர்ந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. நீரும் வெளியே கசியாது, கிருமியும் உள்ளே போகாது. அப்புறம் ஒரு காற்று போதும்.

நீங்கள் இருக்கும் இடத்தில் கைக்கு எட்டும் மேப்பிள் கிளை இருந்தால் வளைத்துப் பாருங்கள். மஞ்சளாகிப்போன இலையின் காம்பை லேசாகத் தொட்டாலே கழன்று வந்துவிடும், இழுக்கவே வேண்டாம். கழன்ற இடத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு, அதற்குள் மூன்று சின்னப் புள்ளிகள். இலைக்கு நீர் ஏறியதும் இலையிலிருந்து சர்க்கரை இறங்கியதும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான். தழும்புக்கு நேர் மேலே பாருங்கள்: கூம்பு மாதிரி, செதில் மூடிய ஒரு மொட்டு. அடுத்த வருஷத்து இலை அதற்குள் மடங்கி இருக்கிறது. அந்த மொட்டு இலை விழுந்த பிறகு வந்ததில்லை. இலை பச்சையாக இருந்த கோடையிலேயே, அதன் காம்படியில் உருவாகிவிட்டது. இதை முதல் தடவை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

விடுவதில் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் ஒரு வருஷம் பார்த்தது. 2011 அக்டோபர் 29, சனிக்கிழமை. தீபாவளி அந்த வாரம் புதன்கிழமைதான் போயிருந்தது. வார இறுதியில் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. நான் குலோப் ஜாமுனுக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். மத்தியானத்திலிருந்து பனி கொட்ட ஆரம்பித்தது. ஜனவரியில் விழுகிற பொடிப் பனி இல்லை, ஈரமான, கனமான பனி. சில இடங்களில் ஓர் அடிக்கும் மேல். ஜனவரியில் அவ்வளவு விழுந்தால் இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் மொட்டைக் கிளையில் பனி அதிகம் தங்காது. அன்றைக்கு மரங்களில், முக்கியமாக ஓக் மரங்களில், இலை நிறைய இருந்தது. ஒவ்வொரு இலையும் பனியை ஏந்திக்கொண்டது. இருட்டின பிறகு நாலா பக்கமும் கிளை முறியும் சத்தம். படார் என்று ஒன்று, கொஞ்ச நேரம் மௌனம், தெருக்கோடியில் இன்னொன்று. கிளைகள் மின்கம்பிகளின் மேல் விழுந்து மாநிலத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. சில இடங்களில் திரும்பி வர ஒரு வாரத்துக்கும் மேல் ஆயிற்று. பல ஊர்களில் ஹாலோவீனையே தள்ளிவைத்தார்கள். கேஸ் அடுப்பு இருந்த வீட்டில் நாலு குடும்பம் கூடிச் சமைத்துச் சாப்பிட்டோம்.

அந்த மரங்கள்மேல் பிழை சொல்ல எதுவும் இல்லை. பனிதான் சீக்கிரம் வந்தது. வாழ்க்கையிலும் சில சமயம் இழப்பு நாம் தயாராவதற்குள் வந்துவிடும். திடீர் மரணம், ஒரே மின்னஞ்சலில் போய்விடும் வேலை. அப்போது முறிந்து போகிறவர்களிடம் "உனக்கு விடத் தெரியவில்லை" என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. முழுசாக அறுந்து விழாமல் பாதி முறிந்து மரத்திலேயே தொங்கிய கிளைகள் நிறைய இருந்தன. நவம்பர் நடுவில் மற்ற கிளைகளெல்லாம் மொட்டையாகிவிட்டன. முறிந்த கிளைகளில் மட்டும் இலை பழுப்பாகிச் சுருண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று, எத்தனையோ காற்று அடித்தது, விழவில்லை. மரம் வெட்ட வந்த ஆளிடம் கேட்டேன். "அந்தக் கிளை செத்துவிட்டது, அதனால்தான்" என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இலையைக் கழற்றும் அந்த அடுக்கு வேலை செய்ய உயிருள்ள செல் வேண்டும், ஹார்மோன் வேண்டும், சக்தி வேண்டும். செத்த கிளையில் அதெல்லாம் நின்றுபோய்விடுகிறது. அது பிடித்துக்கொண்டிருப்பதில் பிடிவாதம் எதுவும் இல்லை. கழற்றிவிட அதனிடம் உயிர் இல்லை. உதிர்ப்பது உயிருள்ள கிளை செய்கிற வேலை.

அதனால் "ஏன் என்னால் விட முடியவில்லை" என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள். முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள், யாரோடாவது தமிழில் வாய்விட்டுப் பேசுங்கள். உடம்பிலும் மனசிலும் தெம்பு ஊறினால்தான் எதையும் விட முடியும்.

இதை மரத்தில் பார்த்தேன் என்றால், மனுஷியிடம் பார்த்தது எங்கள் அம்மாவிடம். அப்பா போன பிறகு மாயவரத்து வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் அண்ணனோடு போய் இருப்பது என்று அம்மாவே முடிவு செய்தாள். விலை பேசி முடித்த பிறகும் உடனே கிளம்பவில்லை. தை பிறந்து போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போனேன். பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினோம். பித்தளை அண்டா, தவலை, வெண்கல உருளி, எவர்சில்வர் வந்த புதிதில் வாங்கிய சம்புடங்கள். நம் வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும் இல்லையா, அம்மா ஒவ்வொன்றையும் திருப்பி அந்தப் பேரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு, அவர்கள் வீட்டில் அப்போது என்ன கஷ்டம், அப்படியிருந்தும் எப்படி இதை வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு சின்ன டம்ளருக்கு ஒரு பக்கம் முழுக்க ஓடியது. சொல்லி முடித்ததும் "சரி, இதை எடைக்குப் போட்டுடலாம்" என்று தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடுவாள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

"எப்படிம்மா உனக்கு மனசு வருது?" என்று கேட்டேன்.

"அதுல இருந்ததைத்தான் நீ எழுதிக்கிட்டியே. இனிமே இது வெறும் பித்தளை."

எல்லாவற்றையும் அப்படிப் போடவில்லை. உருளி பெரியம்மா பெண்ணுக்குப் போயிற்று, அவள் வீட்டில்தான் இன்னும் அதில் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார்கள். ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். கொல்லையிலிருந்த அடுக்குமல்லியில் பதியன் போட்டு எடுத்தாள். இப்போது அண்ணன் வீட்டு பால்கனித் தொட்டியில் பூக்கிறது. வீட்டை ஒப்படைக்கிற அன்றைக்கு அம்மா அழுதாள். ஆனால் ஒடிந்துபோகவில்லை. அவள் எடுத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அதே தெருவில் இன்னொரு வீடு. பெரியவர்கள் காலமான பிறகு பிள்ளைகள் பூட்டிக்கொண்டு போனதுதான். விற்கவும் மனசில்லை, வந்து இருக்கவும் முடியவில்லை. உள்ளே கட்டில், பீரோ, சாமி படம் எல்லாம் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். ஓடு சரிந்து முற்றத்தில் எருக்கு முளைத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. சாமானைத் தொட்டால் அப்பா அம்மா இல்லை என்பது உறுதியாகிவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு 2011இல் தொங்கிய கிளைதான் ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஜின்கோ என்று ஒரு மரம் இங்கே சில தெருக்களில் வைத்திருக்கிறார்கள், விசிறி வடிவ இலை. முதல் கடும் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் ஏறக்குறைய எல்லா இலையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும், மரத்தடி மஞ்சள் கம்பளமாகிவிடும். பீச் மரம் இதற்கு நேர் எதிர். அதிலும் இளம் பீச் மரங்கள் காய்ந்த இலையை வசந்தம் வரை வைத்துக்கொண்டிருக்கும், காகிதம் மாதிரி வெளிறிப்போய்ச் சலசலத்துக்கொண்டு. முறிந்த கிளை மாதிரி அது செத்ததில்லை, நல்ல உயிரோடு இருக்கிற மரம்தான். மான் வந்து மொட்டைக் கடிக்காமல் இருக்க என்று சொல்கிறார்கள், வசந்தத்தில் விழுந்தால் வேருக்கு எருவாகும் என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும் புது இலை தள்ளும்போது பழையது தானாக விழுந்துவிடும். அம்மாவும் அப்பாவுடைய பழைய வால்வு ரேடியோவை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. பாடாது. சென்னை வீட்டில் அதற்கு இடமும் இல்லை. இருக்கட்டும் என்று அண்ணி ஷூ ராக்கை எடுத்துவிட்டு அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அண்ணிமேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அம்மா ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில் இங்கே வந்திருந்தாள். நிறத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்தான், ஆனால் அவளுக்கு வேறு ஒரு கேள்வி. "நம்ம ஊர்லயும் மாசியில அரசமரம் கொட்டும். மரத்தடியைப் பெருக்கி நிமிர்றதுக்குள்ள செம்பு நிறத்துல தளிர் வந்துடும். இங்க எப்ப வரும்?" ஏப்ரல் கடைசி, மே ஆகிவிடும் என்றேன். "அது வரைக்கும் இப்படியேவா நிக்கும்?" என்று சன்னல் வழியாகவே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவதும் இதுதான் என்று நினைக்கிறேன். விடுவதைவிட, விட்ட பிறகு வரும் அந்த ஐந்தாறு மாதம். நம் ஊர்க் கணக்கில் பழையது போனவுடன் புதியது வந்துவிட வேண்டும். இங்கே அப்படி வராது. ஊரில் இருந்த நண்பர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார்கள், இங்கே இன்னும் யாரும் நெருங்கியிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றும். அப்போது கிளையில் மொட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் விஷயத்தில் மொட்டு என்பது சின்ன விஷயமாகத்தான் இருக்கும்: நூலகத்தில் எடுத்த அட்டை, பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பக்கத்து வீட்டுக்காரர், பனியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது.

ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு போன் போட்டு "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்று முடிக்காமல், வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு, பாட்டி எப்படி வைப்பாள் என்று கேட்டு எழுதிவையுங்கள். ஊர்க் கதை, சொந்தக்காரர் முறை, அப்பா சின்ன வயசில் படித்த பள்ளிக்கூடம் எல்லாம் கேளுங்கள். அது உங்களோடு வந்துவிடும். இரவு இரண்டு மணி வரை விழித்துக்கொண்டு ஊர் நண்பர்களின் குரூப்பில் ஒவ்வொரு செய்திக்கும் பதில் போடுவதும், கடையில் எதை எடுத்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதும் கொஞ்ச நாளில் தானாகக் கழன்றுவிடும். இழுத்துப் பிய்க்க வேண்டாம்.

ஒரு நடைமுறை விஷயம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இந்தப் பக்கம் அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். முதல் வருஷம் வருகிறவர்களை அது ரொம்பவே அழுத்தும். மதிய இடைவேளையில் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் நடங்கள். தூக்கமும் பசியும் மாறி, வாரக்கணக்கில் மனசு எழுந்திருக்கவே மறுத்தால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். வெளிச்சம் குறைவதால் வரும் மனச்சோர்வு இங்கே டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், அதற்கு வெளிச்சத்தை வைத்தே சிகிச்சையும் உண்டு.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. ஹார்ட்ஃபோர்ட் பக்கம் என்றால் சொல்லுங்கள். சிம்ஸ்பரியில் டால்காட் மலைமேல் ஹூப்லைன் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது, குழந்தைகளும் ஏறக்கூடிய பாதைதான். மேலேயிருந்து ஃபார்மிங்டன் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மேப்பிள் முடிந்த பிறகும் ஓக் கொஞ்ச நாள் நிறத்தோடு நிற்கும், அதனால் இன்னும் நேரம் இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் சனிக்கிழமைகளில் போவோம். ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருகிறோம், நீங்களும் வாருங்கள்.